அடுக்கம்பாறையில் நடந்து காட்டியது

செய்தி முதலில் எத்திராஜின் போனுக்கு வந்தது.
காட்பாடி ஜோலார்பேட்டை பாசஞ்சரில்
ஊதுவத்தி விற்கிறவன்,
குடியாத்தம் நிறுத்தத்தில்
என் செருப்புச் சத்தம் கேட்டே கூப்பிடுவான்.
"மரகதக்கா, பட்டியலைச் சுருக்கப் போறாங்களாம்.
எல்லாரையும் மறுபடி அளக்கறாங்களாம்.
இருட்டை அளக்க இன்னா ஸ்கேலு வெச்சிருக்காங்கோ?"
சிரித்தோம்.
அந்தச் சிரிப்பு அடுத்த ஸ்டேஷன் வரைக்கும்கூட வரவில்லை.

திங்கட்கிழமை சத்துவாச்சாரி.
கலெக்டர் ஆபீஸ் வாசலில் மூன்று சக்கர வண்டிகள்
ஒரே ஒரு புங்கமர நிழலுக்கு இடித்துக்கொண்டன.
வெயில் ஊன்றுகோலின் இரும்பில் ஏறி
அக்குள் வரைக்கும் வந்தது.
ஆணை வந்துவிட்டது என்றார் ஒருவர்.
இல்லை, வரைவுதான் என்றார் இன்னொருவர்.
"வரைவுன்னா இன்னா?"
பேரணாம்பட்டு நஸ்ரீன் கேட்டாள்.
அவள் மடியில் பதினான்கு வயது மகன்.
கழுத்து நிற்காத தலையை
பேசும்போதெல்லாம் ஒரு கை
தானாகப் போய்த் தாங்கிக்கொண்டிருந்தது.

"அடிக்கறதுக்கு முன்னாடி
கையை ஓங்கறாங்களே, அது."
சொன்னவர் கோதண்டம்,
லாரியில் காலை விட்டவர்.

அந்தப் பணம் ஏறும் நாளில்
அண்ணி எனக்கு இரண்டாவது தடவை குழம்பு ஊற்றுவாள்.
கெட்டவள் இல்லை.
கணக்குத் தெரிந்தவள்.
மீதி இருபத்தொன்பது நாளும்
நான் அந்த வீட்டில் இருப்பதற்கு
அந்த ஒரு நாள்தான் சாட்சி.

வியாழக்கிழமை அடுக்கம்பாறைக்கு வரச் சொன்னார்கள்.
"வெக்கப்படாம நல்லா நொண்டு" என்றார் கோதண்டம்.
புதன் இராத்திரி மொட்டை மாடியில்,
தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே
நொண்டிப் பழகினேன்.
என் காலை நானே பார்த்து நடித்தேன்.

ஏனென்றால் முப்பத்தெட்டு வருடம்
வேறொன்றைப் பழகியிருந்தேன்.
பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்து போகும்வரை
எழாமல் இருப்பது.
ஷூ கம்பெனியில் ஆள் எடுத்த அன்று
கேட்டிலிருந்து மேசைக்குப் பதினேழு எட்டு,
தொடையை உள்ளங்கை தள்ளுவது தெரியாமல்
முந்தானையைப் பிடித்திருப்பதுபோல் பிடித்தபடி.
பதினேழும் சரியாக விழுந்தது.
வேலை கிடைத்தது.

டாக்டர் சின்னப் பையன்.
தூங்காத கண்.
எனக்கு முன்னால் அறுபது பேரை அளந்திருந்தார்,
பின்னால் எத்தனையோ.
"நடங்கம்மா."

நடந்தேன்.
பாழாய்ப்போன கால்,
மேசை ஒன்றைப் பார்த்ததும்
வேலை கேட்கப் போவதுபோல் போயிற்று.
நொண்டு, நொண்டு என்கிறேன் உள்ளே,
அது விருந்தாளி முன்னால்
நல்ல பிள்ளையாகிவிட்ட குழந்தை.

"பரவாயில்லையே, நல்லாத்தான் நடக்கறீங்க."

இருபது வயதில் இந்த ஒரு வார்த்தைக்கு
எதையும் கொடுத்திருப்பேன்.

இல்லை சார், இது பொய் நடை என்று
சொல்ல வாயெடுத்தேன்.
எதைப் பொய் என்பது?
அவர் எழுதிக்கொண்டிருந்தார்.
மேசைக்கு அந்தப் பக்கம் ஆறு,
இந்தப் பக்கமிருந்து பார்த்தால் ஒன்பது.
அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

சாய்தளத்தில் பைக்குகள் நின்றன.
படியில் இறங்கினேன், கைப்பிடிச் சுவரைத் தடவி,
ஒன்று, நின்று, இன்னொன்று.
பாகாயம் வழியாகப் போகும் பஸ்ஸில்
எங்களுக்கென்று எழுதிய சீட்டில்
ஒருவர் கண்ணை மூடியிருந்தார்.
பழைய பெயரின் மேல் புதுப் பெயர் அடித்திருந்தார்கள்,
ஊனம் என்ற பழைய எழுத்து
பெயிண்டுக்கு அடியில் இன்னும் தெரிந்தது.

எழுப்பவில்லை.
கம்பியைப் பிடித்து நின்றேன்.
நஸ்ரீன் போன் செய்தாள்:
"எத்தினி போட்டாங்கோ?"
தெரியலை என்றேன்.
"எம்புள்ளைய நாளைக்கி உக்காரச் சொல்லுவாங்களா?"
அதுவும் தெரியலை.

பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது
இடது கால் தரையைத் தேடித் தடுமாறி,
இழுத்து,
அதன் சொந்த நடையில் நடந்தது.
கூட்டத்தில் யாரோ
"பாத்துப் போம்மா" என்றார்கள்.